முப்பத்துநான்காவது பாலம்

பாப்பா தன் கல்யாணத்தைத் தானே நிச்சயம் செய்துகொண்டு வந்து நின்றதும், அண்ணன் நான்கு நாள் சாப்பாட்டு மேசைக்கு வராமல் தட்டை அறைக்கே வரவழைத்துச் சாப்பிட்டதும், பையன் வீட்டுக்குச் சொந்த ஃபிளாட் இருக்கிறது என்று ஐந்தாம் நாள் தெரிந்தவுடன் அந்தக் கோபம் போன இடம் தெரியாமல் போனதும் அந்த ஒரு வாரத்தில் நடந்தவை. ஞாயிற்றுக்கிழமை பகல் பதினொரு மணிக்கு எல்லோரும் ஒரே காரில் பையன் வீட்டுக்குக் கிளம்பினார்கள்.

எல்லோரும் என்றால் நான்கு பேர். ஓட்டியது அண்ணன். பக்கத்தில் அண்ணி. பின்னால் அவர்களுடைய மகள். இருபத்தாறு வயதாகியும் வீட்டில் அவள் பாப்பாதான். அவளுக்குப் பக்கத்தில், மடியில் பழக்கூடையோடு, அண்ணனின் தங்கை.

தங்கைக்கு வீட்டிலும் ஆபீசிலும் கடிதாசி என்று பேர். பாப்பா வைத்த பேர். அத்தை என்ன வேலை பார்க்கிறாள் என்று பள்ளிக்கூடத்தில் கேட்டதற்கு, "கடிதாசி எழுதறாங்க" என்று சொல்லியிருக்கிறாள். அதைவிடச் சரியாக அந்த வேலையை யாரும் சொன்னதில்லை.

அண்ணனின் கம்பெனி நினைவு நாணயங்களைத் தயார்செய்து தபாலில் விற்றது. கம்பெனியின் பெயரில் ‘அரண்மனை’ என்று ஒரு சொல் இருந்தது. கம்பெனி இருந்ததோ ஒரு பழைய பிஸ்கட் குடோனில். அங்கே மலிவு உலோக வில்லைகளின் மேல் ஊதினால் பறந்துவிடும் அளவுக்குத் தங்க முலாம் பூசி, நீல வெல்வெட் பெட்டியில் வைத்து, ஒரு சான்றிதழோடு அனுப்புவார்கள். நாணயத்தைவிடப் பெட்டிக்குச் செலவு அதிகம். சான்றிதழில் ஐந்நூறுக்குள் ஓர் எண் இருக்கும். உலகத்தில் ஐந்நூறு பேருக்குத்தான் இந்தப் பாக்கியம் என்று வாங்குகிறவர் நினைத்துக்கொள்வார். அதே எண் இன்னும் இருபது பேரிடம் இருக்கும்.

இதற்கெல்லாம் மேலே தலைமைக் காப்பாளர் என்று ஒருவர். சந்தாதாரர்களுக்கு மாதம் ஒரு முறை அவர்தான் எழுதுவார். ‘அன்பு நண்பருக்கு’ என்று தொடங்கி, பழைய காலத்து மரியாதையோடு முடிப்பார். அப்படி ஒரு மனிதர் கிடையாது. கடிதத்தின் தலையில் இருந்த படம் குடோனுக்குப் பக்கத்தில் கடிகாரம் ரிப்பேர் செய்தவருடையது. அண்ணனின் கோட்டை மாட்டி உட்காரவைத்து எடுத்தார்கள். கடிதங்களை எழுதியது கடிதாசி. பதினான்கு வருஷமாக.

அந்த வேலையில் அவளுக்கு வெட்கம் இருந்ததாகச் சொல்ல முடியாது. இளக்காரம் இருந்தது. ‘உங்களுக்கென்றே ஒதுக்கி வைத்திருக்கிறேன்’ என்று பதினோராயிரம் பேருக்கு எழுதி, பதினோராயிரம் பேரும் அதை நம்புகிறார்கள் என்றால் அவர்களுக்கு முலாம் பூசிய வில்லையே அதிகம் என்பது அவள் கட்சி. நம்புகிறவர்களைப் பார்த்து இளக்காரம். நம்பவைக்கச் சொல்லும் அண்ணனைப் பார்த்து அதைவிட இளக்காரம். நடுவில் தான் எங்கே நிற்கிறோம் என்று அவள் யோசித்ததில்லை.

"ஒரு விஷயம்," என்றான் அண்ணன், சிக்னலில் வண்டியை நிறுத்தி. "அங்க போய் நாணயம் அது இதுன்னு யாரும் பேச வேண்டாம். நாம எக்ஸ்போர்ட் பண்றோம். அவ்வளவுதான்."

"எதை?" என்று கேட்டாள் கடிதாசி.

"எதையோ. கேட்டா நான் சொல்லிக்கறேன்."

"பேக்கிங் கம்பெனின்னு நான் சொல்லி வச்சிருக்கேன்ப்பா," என்றாள் பாப்பா.

"பேக்கிங் பண்ணாம எக்ஸ்போர்ட் பண்ண முடியுமா? சரியாத்தான் சொல்லியிருக்க."

அண்ணி கைக்கண்ணாடியில் உதட்டைச் சரிபார்த்துக்கொண்டே, "பல் செட் பண்றவன் வீட்டுக்குப் போக இவ்வளவு பயமா?" என்றாள்.

"பயம் இல்ல. கௌரவம்."

இருபது வருஷமாகச் சோறு போட்டு, கார் வாங்கிக் கொடுத்த தொழில். அதன் பேரைச் சொல்ல அவனுக்கு வாய் கூசியது. கடிதாசி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பையன் செய்வதும் போலிப் பல்தான், ஆனால் அதை வைத்து மெல்லவாவது முடியும் என்று சொல்ல நாக்கு துறுதுறுத்தது. பாப்பாவின் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டாள்.

பையன் வீடு இரண்டாவது மாடி. லிஃப்ட் இல்லை. அண்ணன் ஒவ்வொரு படிக்கும் ஒரு பெருமூச்சு விட்டான், கட்டடத்தின் மேல் வழக்குப் போடுகிறவனைப் போல. மேலே வாசலில் பையனின் அப்பா காத்திருந்தார். ஒல்லியான மனிதர். இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை, பையில் பேனா. பாலங்களைச் சோதித்துப் பார்க்கும் வேலையில் முப்பத்திரண்டு வருஷம் இருந்து ஓய்வு பெற்றவர் என்று பாப்பா முன்பே சொல்லியிருந்தாள். பின்னால் அவர் மனைவி. பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவர். வந்தவர்களை ஒவ்வொருவராக, காய்ச்சல் இருக்கிறதா என்று பார்ப்பதுபோலப் பார்த்துவிட்டு, "வாங்க" என்று மட்டும் சொன்னார்.

தேநீர் வந்தது. பையனும் பாப்பாவும் எதிரெதிர் நாற்காலியில் உட்கார்ந்து தரையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். அண்ணன் சோபாவின் கையைத் தட்டிப் பார்த்து, ஃபிரிட்ஜின் உயரத்தைக் கண்ணால் அளந்து, "வசதியான இடம்" என்றான். அண்ணி அதற்குள் குளியலறையையும் பார்த்துவிட்டு வந்திருந்தாள்.

"சம்பந்தி," என்றார் பாலத்துக்காரர். அந்தச் சொல்லை முதல் தடவை சொல்வதில் அவருக்கு ஒரு கூச்சம். "நல்லநாள் பேசறதுக்கு முன்னாடி உங்களுக்கு ஒண்ணு காட்டணும். பிள்ளைங்க எதிர்காலத்துக்காகச் சேத்து வச்சது."

உள் அறையின் கதவைத் திறந்து விளக்கைப் போட்டார்.

ஒரு சுவர் முழுக்கக் கண்ணாடி அலமாரி. அதற்குள் வரிசை வரிசையாக நீல வெல்வெட் பெட்டிகள், எல்லாம் மூடி திறந்து, முலாம் மினுமினுக்க. மேலே சட்டம் போட்ட சின்னப் படம் ஒன்று. அண்ணனின் கோட்டில் கடிகார ரிப்பேர்காரர்.

அண்ணன் வாசற்படியிலேயே நின்றுவிட்டான். அண்ணி அவன் முழங்கையை நிமிண்டினாள்.

"‘உலகின் நூறு பாலங்கள்’," என்றார் பாலத்துக்காரர். "ஒண்ணு விடாம வாங்கியிருக்கேன். ஆறு வருஷம் ஆச்சு."

கடிதாசி கிட்டே போய்ப் பார்த்தாள். ஒவ்வொரு பெட்டியின் கீழும் சின்ன அட்டையில் கையெழுத்து. பாலத்தின் பெயர், நீளம், கட்டிய வருஷம். ஏழு என்ற எண்ணின் குறுக்கே எல்லா இடத்திலும் ஒரு கோடு. அந்தக் குறுக்குக் கோட்டை அவள் மாதாமாதம் பார்த்திருக்கிறாள். சந்தா எண் 4417. எல்லாக் கடிதத்துக்கும் பதில் எழுதுகிற ஆள். பாக்கி முட்டாள்கள் பணம் அனுப்பிவிட்டுச் சும்மா இருப்பார்கள், இந்த முட்டாள் பணம் அனுப்பிவிட்டுப் பக்கம் பக்கமாக எழுதவும் செய்கிறார் என்று ஆபீசில் எத்தனையோ தடவை உரக்கப் படித்துச் சிரித்திருக்கிறாள்.

"இதைப் பாருங்க. முப்பத்துநாலாவது." அவர் ஒரு பெட்டியை எடுத்து அண்ணன் கையில் வைத்தார். "நிஜத்துல இந்தப் பாலத்துக்கு அஞ்சு வளைவு. நாணயத்துல மூணுதான் இருக்கு. எனக்குத் தூக்கம் வரல. காப்பாளருக்கு எழுதினேன். என்ன பதில் போட்டார் தெரியுமா?"

ஃபைலை எடுத்தார். கடிதங்கள் தேதிவாரியாக, பிளாஸ்டிக் உறையில். நின்றபடியே படித்தார், சபைக்குப் படிப்பதுபோல.

"‘அன்பு நண்பருக்கு. பதினோராயிரம் பேர் கண்ணில் படாதது தங்கள் ஒருவர் கண்ணில் பட்டிருக்கிறது. தங்கள் கூரிய பார்வைக்குத் தலைவணங்குகிறேன். அச்சில் நேர்ந்த இந்த அபூர்வப் பிழையை நாங்கள் வெளியே சொல்லவில்லை. பிழை நாணயங்களே நாளைய பொக்கிஷம் என்பது தங்களுக்குத் தெரியாததல்ல. மீதம் நாற்பது மட்டுமே உள்ளன. அவற்றைத் தங்களுக்கென்றே ஒதுக்கி வைத்திருக்கிறேன்.’"

"நாப்பதையும் வாங்கிட்டேன்," என்று கீழ் இழுப்பறையைத் திறந்தார். நாற்பது நீலப் பெட்டிகள்.

அந்தக் கடிதத்தை எழுதிய நாள் கடிதாசிக்கு ஞாபகம் இருந்தது. வரைந்தவன் அவசரத்தில் இரண்டு வளைவை விட்டுவிட்டான். அச்சை மாற்றச் செலவாகும் என்று அண்ணன் அப்படியே அடிக்கச் சொன்னான். புகார் வந்ததும், "எதையாவது எழுதி வாயை மூடு" என்றான். அவள் பத்து நிமிஷத்தில் எழுதினாள். அண்ணன் படித்துவிட்டு அவள் தோளில் தட்டினான். அந்த வருஷம் அவளுக்குச் சம்பள உயர்வு கிடைத்தது.

"நாளைக்குக் காலையில ஏலக்காரர் ஒருத்தர் வர்றார், விலை போட," என்றார் பாலத்துக்காரர். "பிள்ளைங்களுக்கு ஒரு ஃபிளாட் பேசியிருக்கேன். வெள்ளிக்கிழமைக்குள்ள முன்பணம் கட்டணும். இதுல பாதியை வித்தாலே போதும்னு கணக்கு. என்ன சொல்றீங்க சம்பந்தி?"

அண்ணன் நாணயத்தை விளக்குக்கு நேரே பிடித்துத் திருப்பிப் பார்த்தான். ஒரு நிமிஷம் முன்புவரை செத்த மீன் மாதிரி இருந்த முகத்தில் வியாபாரக் களை திரும்பி வந்தது.

"அருமையான கலெக்ஷன். நானே சொல்றேனேன்னு நெனக்காதீங்க, இப்ப விக்காதீங்க. இன்னும் அஞ்சு வருஷம் வச்சிருங்க. ரெட்டிப்பாகும்."

"காப்பாளரும் அப்படியேதான் எழுதியிருக்கார்," என்று முகம் மலர்ந்தார் அவர். "உங்களுக்கும் இதுல ஈடுபாடு உண்டா?"

"கொஞ்சம் உண்டு."

"கல்யாணத்துக்கு அவரையும் கூப்பிட்டு எழுதியிருக்கேன். வந்தா முன் வரிசையில உங்க பக்கத்துல உட்காரவைக்கிறேன். பேச ஆள் கிடைச்ச மாதிரி இருக்கும்."

"கட்டாயம்," என்றான் அண்ணன். கண் இமைக்காமல் சொன்னான். கூடப் பிறந்தவனை இவ்வளவு கிட்டத்தில் பார்த்து வெகுநாள் ஆயிற்று என்று கடிதாசிக்குத் தோன்றியது. அந்தக் கோட்டு, அந்த சென்ட், அந்தக் ‘கட்டாயம்’.

தண்ணீர் வேண்டும் என்று சமையலறைக்குப் போனாள். நர்ஸம்மா அடுப்பைச் சின்னதாக வைத்துவிட்டு டம்ளரை நீட்டினார்.

"என்ன எக்ஸ்போர்ட் பண்றீங்க?" என்று கேட்டார், முகத்தைப் பார்க்காமல்.

கடிதாசி டம்ளரை வாங்கிக்கொண்டாள்.

"நாப்பது வருஷம் முகத்தைப் பார்த்து வேலை செஞ்சவ நான். அலமாரியைப் பார்த்ததும் உங்க அண்ணனுக்கு முகம் செத்துப்போச்சு. உங்களுக்கு வேர்த்துது. அதைப் பார்த்தா நாணயத்தைப் புதுசாப் பார்க்கிறவங்க மாதிரி இல்ல."

"நாங்கதான் பண்றோம்," என்றாள் கடிதாசி. "அந்த நாணயம் எங்களோடது. கடிதங்கள் நான் எழுதறது."

நர்ஸம்மா அடுப்பை அணைத்தார். கையைத் துடைத்துக்கொண்டார். கத்துவார் என்று கடிதாசி எதிர்பார்த்தாள். கத்தியிருந்தால் தேவலை.

"முதல் வருஷமே ஒண்ணை எடுத்துட்டுப் போய் நகைக்கடையில காட்டினேன். உரசிப் பார்த்துட்டு, பெட்டியை வேணா வாங்கிக்கறேன்னான். வந்து இவர்கிட்ட சொல்லல."

"ஏன்?"

"ரிட்டயர் ஆகி மூணு மாசம் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். முதல் பெட்டி வந்த அன்னிக்குத்தான் எழுந்து ஷேவ் பண்ணார். எனக்கு அது போதும்னு விட்டுட்டேன். விக்கணும்னு ஒரு நாள் கிளம்புவார்னு நெனக்கல." கை துடைத்த துணியை மடித்து வைத்தார். "நாளைக்கு அந்த ஏலக்காரன் வந்து சிரிப்பான். இவர் பிள்ளை முன்னாடி நின்னு அதைக் கேக்கணும். அதுக்கு முன்னாடி நீங்க சொல்லிடுங்க. நான் சொல்ல மாட்டேன். பொய் எழுதினது நீங்க. வாயைத் திறக்க வேண்டியதும் நீங்கதான்."

"கல்யாணம்?"

"அதைப் பிள்ளைங்க பாத்துக்கும். உங்களை மாதிரி ஆளுங்களுக்காக ஒரு பொண்ணை வேண்டாம்னு சொல்ற அளவுக்கு நான் தாழ்ந்து போகல."

கடிதாசி அறைக்குத் திரும்பினாள். அண்ணன் நாற்காலி போட்டு உட்கார்ந்து, பாலத்துக்காரருக்கு நாணயம் துடைக்கும் முறையைச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தான்.

"சார்," என்றாள். "காப்பாளர் கல்யாணத்துக்கு வர மாட்டார். அப்படி யாரும் இல்ல. அந்தக் கடிதமெல்லாம் நான் எழுதினது. இந்தக் கம்பெனி எங்க அண்ணனோடது."

பாப்பா எழுந்து நின்றாள். அண்ணன் சிரித்தான்.

"விளையாடறா சம்பந்தி. இவளுக்கு அப்பப்ப கொஞ்சம்..." என்று நெற்றிப்பொட்டில் விரலை வைத்துச் சுழற்றினான்.

"அப்பா, சும்மா இருங்க," என்றாள் பாப்பா.

பாலத்துக்காரர் யாரையும் பார்க்கவில்லை. ஃபைலை மூடி மார்போடு பிடித்துக்கொண்டார். பிறகு பரீட்சை வைக்கிறவர்போல மெதுவாகக் கேட்டார்.

"போன வருஷம் தொங்கு பாலம் பத்தி என்ன எழுதியிருந்தேன்?"

"கம்பி எண்ணிக்கை தப்புன்னு எழுதியிருந்தீங்க. உங்க சின்ன வயசுல காத்து அடிச்சப்போ ஒரு தொங்கு பாலத்துல நடுவுல மாட்டிக்கிட்டதையும் எழுதியிருந்தீங்க. நாலு பக்கம்."

அதை அவர் மனைவியிடம்கூடச் சொன்னதில்லை போலிருக்கிறது. கதவருகே வந்து நின்ற நர்ஸம்மா அவரைத் திரும்பிப் பார்த்தார்.

"முப்பத்துநாலு?"

"வரைஞ்சவன் தப்பு. திருத்தச் செலவாகும்னு விட்டாங்க. நாப்பது மீதம்னதும் பொய். நீங்க கேட்டா நானூறும் அடிச்சிருப்பாங்க."

"அறுபத்திரண்டு?"

அவள் அலமாரியில் அந்தப் பெட்டியைக் கண்ணால் தேடினாள். "அப்படி ஒரு பாலமே இல்ல சார். நூறு கிடைக்கல. ஆறு பாலம் நான் பேர் வச்சது."

"தேடிப் பார்த்தேன்," என்றார் அவர். "ரெண்டு மாசம் தேடினேன். என்கிட்ட இருக்கிற மேப் பழசா இருக்கும்னு நெனச்சேன்."

பையன் அப்பாவின் பக்கத்தில் வந்து நின்றான், தொடவில்லை. அண்ணிதான் முதலில் வாயைத் திறந்தாள். "வியாபாரம்னா நாலு வார்த்தை கூடக் குறையச் சொல்றதுதான். யாரும் கழுத்துல கத்தி வச்சு வாங்கச் சொல்லலையே."

அண்ணன் அவளைக் கையமர்த்தினான். சமரசம் பேசும் குரலுக்கு மாறினான். "பாருங்க சம்பந்தி. நடந்தது நடந்துபோச்சு. குடும்பமாகப் போறோம். இது எல்லாத்தையும் நானே திருப்பி வாங்கிக்கறேன். நீங்க கொடுத்த விலைக்கே. ஏலக்காரனை வர வேண்டாம்னு சொல்லிடுங்க. விஷயம் இந்த அறையோட இருக்கட்டும்."

பாலத்துக்காரர் அவனை நிமிர்ந்து பார்த்தார். உடைந்த மனிதரின் பார்வையாக அது இல்லை. ஒரு தூணில் விரிசல் எவ்வளவு ஆழம் என்று பார்க்கிறவரின் பார்வை.

"எல்லாத்தையும்னா?"

"எல்லாத்தையும்தான். இந்த அலமாரி மொத்தமும்."

"பதினோராயிரம் பேரோடதையுமா?"

அண்ணன் கோட்டின் பொத்தானைப் போட்டுக்கொண்டான். பாப்பா தன் அப்பாவைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவன் அவள் பக்கம் திரும்பவே இல்லை.

"சாப்பாடு எடுத்து வச்சிட்டேன்," என்றார் நர்ஸம்மா. "சமைச்சதை வீணாக்க மாட்டேன். சாப்பிட்டுட்டுக் கிளம்புங்க."

அதுதான் தண்டனை என்பது கடிதாசிக்கு மேசையில் உட்கார்ந்த பிறகுதான் புரிந்தது. எட்டு நாற்காலி, ஏழு பேர். நர்ஸம்மா ஒருவர் விடாமல் கேட்டுக் கேட்டுப் பரிமாறினார். கரண்டிச் சத்தம் மட்டும். அண்ணி இரண்டு வாயோடு தட்டைத் தள்ளிவைத்தாள். பாப்பா சாப்பிடவில்லை. அண்ணன் சாப்பிட்டான். தலையைக் குனிந்துகொண்டு, ஒழுங்காக, முழுதாகச் சாப்பிட்டான். இன்னும் கொஞ்சம் வேண்டுமா என்று கேட்டபோது தட்டை நீட்டினான். ஆயுள் முழுக்க அவன்மேல் சேர்த்து வைத்த இளக்காரம் போதாது, புதிதாக எங்காவது கடன் வாங்க வேண்டும்போல இருந்தது அவளுக்கு.

கை கழுவிவிட்டுக் கார்ச் சாவியை எடுத்துக்கொண்டு, "கிளம்பலாம்," என்றான்.

"நான் அப்புறம் வர்றேன்ப்பா," என்றாள் பாப்பா.

அண்ணன் தங்கையைப் பார்த்தான். "நீ நாளையிலருந்து ஆபீசுக்கு வர வேண்டாம்." சொல்லிவிட்டு இறங்கினான். இறங்கும்போது பெருமூச்சு வரவில்லை. அண்ணியின் செருப்புச் சத்தம் கீழே போய் ஓய்ந்தது.

கடிதாசிக்கு எங்கே போவது என்று தெரியவில்லை. அவள் இருப்பது அண்ணன் வீட்டு மாடி அறையில். பழக்கூடை மட்டும் பிரிக்கப்படாமல் மேசை ஓரத்தில் இருந்தது.

பாலத்துக்காரர் உள் அறையில் பெட்டிகளின் மூடிகளை ஒவ்வொன்றாக மூடிக்கொண்டிருந்தார். நூறையும் மூடிவிட்டு வெளியே வந்தார்.

"அடுத்த கடிதம் எப்ப வரும்?"

"இன்னிக்கு ராத்திரி அடிச்சு, நாளைக்குக் காலையில தபால்ல போடுவாங்க. புது சீரிஸ். கலங்கரை விளக்கங்கள்."

"எழுதியாச்சா?"

"இல்ல. அதுக்குள்ள அச்சகத்துக்கு அனுப்பணும். நான்தான் நேரா அனுப்பறது."

அவர் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து மேசைமேல் வைத்தார். பக்கத்தில் கோடு போட்ட ஒரு நோட்டு.

"விரிசல் விட்ட பாலத்தை இடிக்க எங்களுக்கு அதிகாரம் கிடையாது," என்றார். "சிவப்புப் பெயின்ட்டுல குறி போடுவோம். அப்புறம் ஏறுறவன் தெரிஞ்சு ஏறட்டும். நீங்க எழுதுங்க."

"என்னை மன்னிச்சிடுங்க சார்."

"அதை அப்புறம் பார்க்கலாம். எழுதுங்க."

அவள் உட்கார்ந்தாள். பதினான்கு வருஷத்தில் எந்தக் கடிதமும் அவளுக்குப் பத்து நிமிஷத்துக்குமேல் எடுத்ததில்லை. இதற்கு இரண்டரை மணி நேரம் ஆயிற்று. கை தானாக ‘அன்பு நண்பருக்கு’ என்று எழுதியது. அடித்தாள். ‘தங்களுக்கு’ என்று எழுதி, ‘உங்களுக்கு’ என்று மாற்றினாள். பாப்பா எதிரே உட்கார்ந்து தாள் தாளாகப் படித்தாள். பையன் தேநீர் போட்டுக் கொண்டுவந்து வைத்தான்.

‘காப்பாளர் என்று யாரும் இல்லை. இந்தக் கடிதங்களை எழுதியது நான். உங்களிடம் உள்ள நாணயத்தின் மேல் இருப்பது முலாம். உங்கள் சான்றிதழில் உள்ள எண் இன்னும் பலரிடம் இருக்கிறது. இனி எதையும் வாங்காதீர்கள். வாங்கியதை விற்கப் போனால் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பு உங்களைப் பார்த்து அல்ல, எங்களைப் பார்த்துச் சிரிக்கவேண்டிய சிரிப்பு.’

கடைசியில், ‘இதற்காக மனமார வருந்துகிறேன்’ என்று முடித்திருந்தாள். பாலத்துக்காரர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு முழுதையும் இரண்டு முறை படித்தார். கடைசி வரியின் மேல் விரலை வைத்தார்.

"இது வேண்டாம். நல்லா எழுதியிருக்கீங்க. இதைப் படிச்சா மறுபடி நம்பிடுவாங்க."

அவள் அந்த வரியை அடித்தாள். அவள் முகம் எரிந்தது. பதினோராயிரம் பேரை முட்டாள்கள் என்று நினைத்துக்கொண்டிருந்த இத்தனை வருஷத்தில், தன் எழுத்தை இவ்வளவு சரியாகப் படித்தவர் ஒருவர் அந்தப் பட்டியலிலேயே இருந்திருக்கிறார்.

பாப்பா அதை அலைபேசியில் தட்டச்சு செய்தாள். அனுப்பும் முன் கடிதாசி அச்சகத்துக்காரரைக் கூப்பிட்டாள். தலையைச் சாய்த்து ஒரு காதால் மட்டும் கேட்கிற, வேண்டியதற்கு மேல் ஒரு சொல் பேசாத மனிதர்.

"கடிதம் தயார். அனுப்பட்டுமா?"

அந்தப் பக்கம் மெஷின் சத்தத்துக்கு நடுவே குரல் வந்தது.

"முதலாளி மத்தியானம் போன் பண்ணார்மா. உங்ககிட்டருந்து எது வந்தாலும் வாங்கக் கூடாதுன்னார். போன தடவை கடிதத்தையே தேதி மாத்தி அடிக்கச் சொல்லியிருக்கார்."

கடிதாசி பாப்பாவைப் பார்த்தாள். பாலத்துக்காரர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டுக் காத்திருந்தார்.

"கவர்ல முகவரியெல்லாம் ஒட்டியாச்சு," என்றது குரல். "பதினோராயிரத்துச் சொச்சம். காலையில ஆறு மணிக்குத் தபால் வண்டி வரும். அதுக்குள்ள எதையாவது உள்ள போட்டாகணும். அதுல என்னம்மா எழுதியிருக்கீங்க?"

"உண்மையை எழுதியிருக்கேன்."

மெஷின் சத்தம் நின்றது. யாரோ நிறுத்தியிருக்க வேண்டும்.

"பதினாலு வருஷமா உங்க கடிதத்தை அடிக்கிறேன். ஒண்ணைக்கூடப் படிச்சுப் பார்த்ததில்ல," என்றார் அச்சகத்துக்காரர். "அனுப்புங்க. படிச்சுட்டுச் சொல்றேன்."